கழற்றிய ஹீட் ஷீல்டைத் திரும்ப மாட்டுவோம்

விழுப்புரம், காணை, திண்டிவனம் வட்டாரப் பட்டறைகளுக்குப் பழக்கமான புகார் இது. வண்டி ஐடிலில் நிற்கும்போது பானெட்டுக்குள் கரகரவென்று சத்தம். மெக்கானிக் குனிந்து பார்க்கிறார். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் மேலுள்ள தகடு ஆடுகிறது. போல்ட் துருவேறிப் பிடித்திருக்கிறது. பத்தாம் நம்பர் ஸ்பேனர் வழுக்குகிறது, இன்னும் அழுத்தினால் தலை முறிகிறது. தகடு பழைய இரும்புக் குவியலுக்குப் போகிறது. சத்தம் நின்றது, வாடிக்கையாளருக்கும் திருப்தி. ஆனால் அந்தத் தகடு பார்த்துவந்த வேலையைப் பார்க்க அதன்பின் ஆள் இல்லை.

பெட்ரோல் எஞ்சின் முழுச் சுமையில் இழுக்கும்போது மேனிஃபோல்டுக்குள் நுழையும் புகையின் சூடு 800 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அந்த இரும்பு தொடாமலே சுடும். கதிர்வீச்சாக வெளியேறும் வெப்பம், சூடு ஏறும் அளவைவிடப் பல மடங்கு வேகமாக ஏறுகிறது: மேனிஃபோல்டின் மேற்பரப்பு 500 டிகிரியிலிருந்து 700 டிகிரிக்குப் போனால் கதிர்வீச்சு சுமார் இரண்டரை மடங்காகிறது. எதிரில் இருப்பவையோ சாதாரண பி.வி.சி. வயர், ரப்பர் ஹோஸ், நைலான் டை. சாதாரண நைலான் டை தொடர்ந்து தாங்கும் சூடு 85 டிகிரிதான். ஈரம் ஏறிய டாட்-3 பிரேக் ஆயில் 140 டிகிரியிலேயே கொதிக்கத் தொடங்கலாம்.

ஓடும் வண்டியில் காற்று காப்பாற்றுகிறது. நின்ற வண்டியில்தான் சோதனை. பொங்கலுக்கு ஊர் திரும்பும் கூட்டத்தில் விக்கிரவாண்டி டோல்கேட்டில் ஊர்ந்து, பிறகு சாலையோர ஓட்டலில் எஞ்சினை நிறுத்தும் காரை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபேனும் கூலன்ட் ஓட்டமும் நிற்கின்றன; மேனிஃபோல்டில் தேங்கிய சூடு மேலே எழுகிறது. எஞ்சினை அணைத்த முதல் சில நிமிடங்களில் பானெட்டுக்குள் சூடு குறைவதற்குப் பதிலாகக் கூடுகிறது.

அம்பாசடர் ஓட்டியவர்களுக்கு இது தெரியும். அதன் பழைய பி-சீரீஸ் பெட்ரோல் எஞ்சினில் இன்டேக்கும் எக்ஸாஸ்டும் ஒரே பக்கம். கார்புரேட்டர் எக்ஸாஸ்டின் தலைமேலேயே உட்கார்ந்திருக்கும். கத்திரி வெயிலில் வண்டி நின்றுபோனால் பெட்ரோல் பம்பின் மேல் ஈரத்துணி போட்டுக் காத்திருப்பார்கள். இன்ஜெக்‌ஷன் வந்தபின் ஈரத்துணி மறைந்தது. ஆனால் 2020 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கும் பி.எஸ்.-6 விதிகளால் வேறொரு நெருக்கம் வந்திருக்கிறது. கேட்டலிடிக் கன்வர்ட்டர் சீக்கிரம் சூடேறி வேலை செய்ய வேண்டும் என்பதால் பல கார்களில் அது மேனிஃபோல்டை ஒட்டியே வைக்கப்படுகிறது. சூடான பாகம் பெரிதாகியிருக்கிறது, இடம் பெரிதாகவில்லை.

தகட்டை அலட்சியப்படுத்தினால் என்ன ஆகும் என்பதற்குப் பெரிய நிறுவனங்களின் அனுபவமே சான்று. சில நானோ கார்கள் தீப்பிடித்ததை அடுத்து, 2010 நவம்பரில் டாடா மோட்டார்ஸ் எக்ஸாஸ்டுக்கும் வயரிங்குக்கும் கூடுதல் பாதுகாப்பை இலவசமாகப் பொருத்தித் தர முன்வந்தது. அதே ஆண்டில் ஃபெராரி 458 இத்தாலியா கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. பின்சக்கர வளைவில் ஹீட் ஷீல்டை ஒட்டியிருந்த பசையே சூட்டில் பற்றியது. பசையை எடுத்துவிட்டு உலோகப் பிடிப்புகள் போடப்பட்டன. ஆடும் ஷீல்டைப் பசை வைத்து ஒட்டுகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

நம் பகுதிக்கென்று தனி ஆபத்தும் உண்டு. முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு போகும் பாதைகளில் காய்ந்த சோகை கிடக்கும். அறுவடைக் காலத்தில் கிராமச் சாலையே களமாகும். கர்நாடகத்தில் சாலையில் பரப்பிய கொள்ளுச் செடி காரின் அடியில் சுற்றிக்கொண்டு தீப்பிடித்த செய்திகள் பலமுறை வந்திருக்கின்றன. லிஃப்டில் ஏறும் ஒவ்வொரு வண்டியிலும் கன்வர்ட்டருக்கும் ஷீல்டுக்கும் நடுவே விரலளவு சந்தைப் பார்த்துச் சோகையையும் வைக்கோலையும் இழுத்து எடுப்பது ஒரு நிமிட வேலை.

டேப் சுற்றினால் போதும் என்ற எண்ணம் இளைஞர்களிடம் பரவியிருக்கிறது. கண்ணாடி இழை டேப் வெளிச்சூட்டைக் குறைக்கும், உண்மைதான். ஆனால் உள்ளே இரும்பின் சூடு ஏறும். வார்ப்பிரும்பு மேனிஃபோல்டில் விரிசல் வரலாம். மழைநீரைப் பிடித்துவைத்துத் துருவை வளர்க்கும். வால்வு கவரிலிருந்து ஆயில் கசிந்தால் டேப் அதைத் திரிபோல உறிஞ்சிக்கொள்ளும். கம்பெனி ஷீல்டில் தகட்டுக்கும் மேனிஃபோல்டுக்கும் இடையே காற்று இடைவெளி இருக்கிறது, வெப்பத்தைத் திருப்பியனுப்பும் பளபளப்பும் இருக்கிறது. மெக்லாரன் எஃப்1 காரின் எஞ்சின் அறையில் தங்கத்தகடு பதித்தது அந்தப் பளபளப்புக்காகத்தான். ஷீல்டின் மேல் கறுப்புப் பெயிண்ட் அடிப்பது அதைக் கெடுக்கும்.

செய்ய வேண்டியதில் வரிசை முக்கியம். முதலில் கசிவு: காலையில் குளிர்ந்த எஞ்சினில் டிக் டிக் சத்தம் வந்தாலோ, ஃபிளாஞ்சு ஓரம் கரி படிந்திருந்தாலோ, கேஸ்கட்டை மாற்றாமல் ஷீல்டைத் தொட வேண்டாம். அடுத்து போல்ட்: துரு நீக்கும் ஆயிலை விட்டு ஊறவைத்து, முன்னும் பின்னுமாக அசைத்துக் கழற்ற வேண்டும். ஓட்டை தேய்ந்திருந்தால் பெரிய வாஷரும் எவர்சில்வர் போல்ட்டும் போதும். பிறகு ஹாரன், ஃபாக் லைட் என்று பின்னால் இழுத்த வயர்களைத் தள்ளிக் கட்டி, சிலிக்கான் பூசிய கண்ணாடி இழை ஸ்லீவ் போட வேண்டும். எஞ்சின் அடிக்கவரும் ரேடியேட்டர் ஓரத்து ஃபோமும் காற்றை வழிநடத்துபவை; அவையும் இடத்தில் இருக்க வேண்டும். லேசர் தெர்மாமீட்டர் பளபளக்கும் தகட்டில் குறைவாகக் காட்டும் என்பதால், சூடு தாங்கும் கறுப்புப் பெயிண்டால் சிறு புள்ளி வைத்து அங்கே அளக்கலாம்.

இந்த வேலைக்கு நேரம் ஆகும். அதனால் ஷீல்டு மாட்டிய கூலியைப் பில்லில் தனி வரியாக எழுதுங்கள். ஏன் மாட்டினோம் என்று வாடிக்கையாளரிடம் பானெட்டைத் திறந்து காட்டிச் சொல்லுங்கள். பட்டறைக்குப் புதிதாக வரும் பையனுக்கும் சத்தத்தை நிறுத்தும் வழியாகத் தகட்டைக் கழற்றக் கற்றுத்தராமல், இறுக்கக் கற்றுக்கொடுங்கள். இந்தக் கோடையிலேயே தொடங்கலாம்.