575 வாட் உபதேசம்

கேம் ஆடக் கம்ப்யூட்டர் கட்ட நினைக்கும், மலைமேல் இருக்கும் எங்கள் தேவனூர் நாட்டுப் பிள்ளைகளுக்குச் சமவெளியில் உட்கார்ந்தபடி ஒருவர் புத்தி சொல்லியிருக்கிறார். கிராபிக்ஸ் கார்டில் கஞ்சத்தனம் பார்க்கக் கூடாதாம். கடன்பட்டாவது இருப்பதிலேயே உசத்தியானதை வாங்க வேண்டுமாம். கார்டின் நினைவகமான விரேம் கூடக் கூட வேகமும் கூடுமாம். ஒருமுறை வாங்கிவிட்டால் பத்து வருஷத்துக்குக் கவலையே இல்லையாம். நான்கு உபதேசம், ஒன்றுகூடத் தேறாது.

பத்து வருஷக் கதையிலிருந்தே தொடங்குவோம். 2017இல் வீட்டு கேமிங்குக்கு உச்சமாக விற்றது என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1080 டிஐ. 11 ஜிபி விரேம், அறிமுக விலை 699 டாலர். அன்றைக்கு இவரைப் போன்றவர்கள் சொன்னதும் இதே வசனம்தான். 2024 டிசம்பரில் இண்டியானா ஜோன்ஸ் கேம் வந்தது, 2025 மே மாதம் டூமின் புதிய பாகம் வந்தது. இரண்டும் ரே டிரேசிங் வன்பொருள் உள்ள கார்டைக் கட்டாயமாகக் கேட்கின்றன. 1080 டிஐயில் அது கிடையாது. 2021இல் 329 டாலருக்கு வந்த ஏஎம்டியின் நடுத்தர ஆர்எக்ஸ் 6600 அந்த இரண்டு கேம்களின் குறைந்தபட்சத் தகுதிப் பட்டியலிலும் இருக்கிறது. எட்டு வருஷத்துக்குள் உச்சக் கார்டு வாசலில் நிற்க, பாதி விலைக் கார்டு உள்ளே போய்விட்டது. எதிர்காலத்தை முன்பணம் கட்டி வாங்க முடியாது, ஐயா.

அடுத்து விரேம். ஆர்டிஎக்ஸ் 3060இல் 12 ஜிபி. ஆர்டிஎக்ஸ் 3060 டிஐயில் 8 ஜிபிதான். ஆனால் பெரும்பாலான கேம்களில் முந்துவது 8 ஜிபிக் கார்டு. காரணம் எளிது: 3060இல் 3584 கோர்கள், டிஐயில் 4864. நினைவக வேகமும் டிஐக்கே அதிகம். விரேம் என்பது இடம். அது வேகம் அல்ல. இடம் போதாதபோது கேம் திக்கித் திக்கி ஓடும் என்பது உண்மை. 8 ஜிபியில் இன்றைய சில கேம்களுக்கு டெக்ஸ்சரை ஒரு படி இறக்க வேண்டியிருக்கும் என்பதும் உண்மை. இவர் வாதத்தில் சாரம் இருப்பது அவ்வளவுதான். டெக்ஸ்சரை ஒரு படி இறக்குவதற்குப் பதில் கடன் வாங்கச் சொல்பவரை என்னவென்று சொல்வது?

இவர் கேட்க மறந்த கேள்வி ஒன்று உண்டு: பையனிடம் என்ன மானிட்டர் இருக்கிறது? 1080பி, 60 ஹெர்ட்ஸ் என்றால் கார்டு நொடிக்கு 200 பிரேம் வரைந்து தள்ளினாலும் திரை காட்டப்போவது 60தான். பழைய பிராசசரோடு பெரிய கார்டைப் பூட்டினால், பிராசசர் வேலையை முடித்துத் தரும்வரை கார்டு காத்துக் கிடக்கும்.

இனி மின்சாரம். இன்றைய உச்சமான ஆர்டிஎக்ஸ் 5090 மட்டும் 575 வாட் இழுக்கும். 1000 வாட் எஸ்எம்பிஎஸ் வேண்டும் என்று என்விடியாவே சொல்கிறது. முழுக் கம்ப்யூட்டரும் 800 வாட் என்று வையுங்கள். தினம் மூன்று மணி நேரம் ஆடினால் இரண்டு மாதத்தில் 144 யூனிட். கேம் மட்டுமே அவ்வளவையும் விழுங்கிவிடும். 115 வாட் ஆர்டிஎக்ஸ் 4060 போட்ட கம்ப்யூட்டர் மொத்தமாக 250 வாட் எடுத்தால் அதே கணக்கு 45 யூனிட்டில் முடிகிறது. காற்றும் மழையுமான நாளில் கரண்ட் போனால் கேமை மூடிக் கம்ப்யூட்டரை அணைக்க ஒரு யூபிஎஸ் வேண்டும். கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் 600 விஏ யூபிஎஸ் தாங்குவது 360 வாட் அளவுக்குத்தான். 250 வாட்டை அது சமாளிக்கும். 800 வாட்டைக் கண்டதும் கைவிரித்துவிடும்.

கார்டு கெட்டுப்போனால்? வாரண்டிக்காக அதைத் தூக்கிக்கொண்டு மலையடிவாரத்துக் காரவள்ளிக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கப்போவது உபதேசியார் அல்லர். கடனுக்கு வட்டி கட்டப்போவதும் அவர் அல்லர். இங்கே பணம் வருவது மிளகிலும் காப்பியிலும். அந்த விலை இறங்கும்போது தவணை கூடவே இறங்காது. பிறர் பணத்தில் தாராளம் காட்டுவது சுலபம்.

கார்டு வாங்கப்போகும் தம்பி தங்கைகளுக்கு: முதலில் மானிட்டரைப் பாருங்கள், பிறகு பிராசசர், பிறகு எஸ்எம்பிஎஸ். இவை மூன்றும் எவ்வளவு தாங்குமோ அந்த அளவுக்கே கார்டு. பெயரை மட்டும் நம்பாதீர்கள். ஆர்டிஎக்ஸ் 3050 என்ற ஒரே பெயரில் 8 ஜிபியும் உண்டு, கோர் குறைக்கப்பட்ட 6 ஜிபியும் உண்டு. பெட்டியில் உள்ள முழு விவரத்தையும் படித்து, பில்லைக் கையில் வாங்கிய பிறகே பணத்தைக் கொடுங்கள். கடன் வாங்கித்தான் கார்டு வாங்க முடியும் என்றால், அந்தக் கார்டு உங்களுக்கானது இல்லை.