அரை டிகிரி வில்லங்கம்

கண்ணுக்குத் தப்பும் பிழை மரத்தில் மாட்டிக்கொள்ளும். மூலைகள் 45 டிகிரியில் பொருந்தும் மரப்பெட்டிக்கு எட்டு வெட்டு. ரம்பத் தகடு அரை டிகிரி பிசகினால் மொத்தம் 4 டிகிரி. கடைசி மூலை வாய் பிளக்கும். மூலைமட்டத்தை நம்பிய தச்சர்களுக்கு இப்போது டிஜிட்டல் கோணமானி துணை. காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் இந்தச் சின்னப் பெட்டி 0.1 டிகிரி வரை காட்டும். முதலில் ரம்ப மேஜைமீது வைத்துப் பூஜ்யமாக்கிவிட்டுத் தகட்டில் ஒட்டவேண்டும். தரை சரிவானாலும் கவலையில்லை.

மரத்தை நேராகச் செலுத்தும் பக்கச் சட்டத்தையும் அளந்தாக வேண்டும். தகட்டின் பின்பக்கம் இடைவெளி குறுகினால் மரம் சிக்கி, இயக்குபவர் மீதே எகிறும். அளக்குமுன் மின் இணைப்பைத் துண்டிப்பது அவசியம். விரலுக்கு உதிரிபாகம் கிடையாது.