விகாரமும் வீண் பழியும்

தமிழாசிரியன் ஒருவன் விகாரத்தைப் பற்றி எழுதப் புகுந்தால், தோன்றல், திரிதல், கெடுதல் என்னும் புணர்ச்சி விகாரத்தையே அன்பர்கள் எதிர்பார்ப்பர். உயிரியலார் கூறும் விகாரமும் அத்தகையதே. பரம்பரையலகின் எழுத்துக்களுள் ஒன்று புதிதாய்த் தோன்றலாம்; பிறிதொன்றாய்த் திரியலாம்; கெடவுஞ் செய்யலாம். இவை எவ்விடத்தும் ஒரே அளவில் நிகழ்வன என்று எண்ணுதல் இயல்பு. உண்மை அதுவன்று.

பற்றீரியாவைத் தாக்கும் டி4 என்னும் வைரசை ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் சீமோர் பென்சர், 1961 இல் தம் முடிபை வெளியிட்டார். இயல்பாய்த் தோன்றிய 1,600க்கு மேற்பட்ட விகாரங்களுள் 500க்கு மேற்பட்டவை ஒரே இடத்தில் நிகழ்ந்திருந்தன. இத்தகைய இடங்களைச் 'சூடான இடங்கள்' என அவர் வழங்கினார்.

இதற்குரிய காரணங்களுள் ஒன்று 1978 இல் தெளிவாயிற்று. சைற்றோசின் என்னும் எழுத்துச் சிதைந்தால் வழக்கமாக யுராசில் ஆகும். அது டீ.என்.ஏ.க்கு அயலானது, ஆகவே கலம் அதனைக் கண்டு களைந்துவிடும். மெதைல் கூட்டம் ஏறிய சைற்றோசினோ சிதைந்து தைமின் ஆகும். தைமின் டீ.என்.ஏ.க்கு உரிய எழுத்தேயாதலின் பிழை எளிதில் தப்பிவிடுகின்றது. மாணவன் 'பழம்' என்பதைப் 'பளம்' என எழுதின் உடனே திருத்துகின்றோம். 'வழி' என்பது 'வலி' ஆயின், அதுவும் ஒரு சொல்லாதலின், நம் கண்ணுக்கும் தப்புவதுண்டன்றோ?

இவ்வுண்மை ஆய்வுகூடத்தோடு நின்றுவிடலாகாது. கைகால்கள் குறுகி வளரும் அகொன்றோபிளாசியா என்னும் குறையை எடுத்துக்கொள்வோம். அக்குறையுடையோர் ஏறக்குறைய யாவரிடத்தும் ஒரே பரம்பரையலகில் ஒரே இடத்து எழுத்தே மாறியுள்ளமை 1994 இல் அறியப்பட்டது. அவருள் 100க்கு ஏறத்தாழ 80 பேர், அக்குறையில்லாத பெற்றோருக்கே பிறந்தவர். அவர்பால் விகாரம் புதிதாய் நிகழ்ந்தது. முன்னோர் வழி வந்ததன்று.

அங்ஙனமாகவும், இத்தகைய பிள்ளை பிறந்த வீட்டில் நாம் என்ன பேசுகின்றோம்? தாயின் குற்றம் என்கின்றோம். குலத்தின் மாசு என்கின்றோம். முற்பிறப்பின் வினை என்றுஞ் சொல்லி அயலார் விலகி நிற்கின்றனர். உடன்பிறந்தாரின் திருமணப் பேச்சும் இதனாலே தடைப்படுகின்றது. கற்றோரும் இதற்கு விலக்கல்லர் என்பதே வருத்தத்திற்குரியது.

விஞ்ஞானம் பயிலும் நம் மாணவர் பரீட்சைக்காக மட்டும் இதனை மனனம் பண்ணின் போதாது. அத்தகைய வீட்டுக்குச் சென்று, "இது எவர் செய்த குற்றமும் அன்று" என ஒரு வார்த்தை கூறல் வேண்டும். கல்வியால் ஒரு தாயின் கண்ணீர் துடைக்கப்படுமாயின், நம் கல்லூரிக்கு அதனினுஞ் சிறந்த விழா வேறில்லை.