பூமிச் சூடா, பொத்தல் அடைப்பா?

என் மூத்த மகளுக்குத் தலைப்பிரசவம். நம் வீட்டில்தான் என்று பேசி முடித்ததும் எனக்குச் சந்தோஷத்தைவிடக் கவலைதான் அதிகமாக இருந்தது. நாள் குறித்திருந்தது தை முதல் வாரம். நாங்கள் இருப்பதோ கொடைக்கானலில், 2,100 மீட்டர் உயரத்தில். மார்கழி, தையில் விடியற்காலை வாசல் புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடக்கும். தகரக் கூரை போட்ட பழைய வீடு. பெரியவர்களுக்கே பல் கிட்டும்போது, பச்சைக் குழந்தையை எங்கே கிடத்துவது?

சுவீடனில் இருக்கும் என் தம்பி போனில் ஒரு வழி சொன்னான். "அக்கா, இங்கே நிறைய வீடுகளில் பூமிக்குள்ளே குழாய் இறக்கி, அதிலிருந்து சூடு எடுக்கிறாங்க. குளிருக்குச் சூடு, வெயிலுக்குக் குளிர்ச்சி, இரண்டும் ஒரே மெஷின். உன் வீட்டுக்கும் போட்டுடலாம். செலவில் பாதி என்னுது."

பூமிச் சூடு என்றதும் மணிகரண் வெந்நீர் ஊற்று மாதிரியோ என்று நினைத்தேன். அது வேறாம். இதற்கு வெந்நீர் ஊற்றே வேண்டாம். கிராமத்துக் கிணற்று நீர் மார்கழியில் வெதுவெதுப்பாகவும் சித்திரையில் சில்லென்றும் இருக்குமே, அதுதான் சங்கதி. சில மீட்டர் ஆழத்துக்குக் கீழே மண்ணின் சூடு வருஷம் முழுக்க அதிகம் மாறாது. அந்த ஊரின் ஆண்டு சராசரியை ஒட்டியே நிற்கும். குழாயில் ஓடும் நீர் அந்தச் சூட்டை வாங்கி வர, ஒரு மெஷின் அதைக் கூட்டி அறைக்குத் தருகிறது. நம் ஃபிரிட்ஜ் உள்ளே உள்ள சூட்டை எடுத்துப் பின்பக்கம் தள்ளுகிறதல்லவா, அதே வேலைதான். மின்சாரம் சூட்டை உண்டாக்குவதில்லை, சுமந்து வருகிறது. அதனால் ஒரு யூனிட் செலவுக்கு மூன்று, நான்கு யூனிட் சூடு கிடைக்கும்.

நம் நாட்டிலும் இதற்கு நெருங்கிய முறை உண்டு. டெல்லிக்குப் பக்கத்தில் குவால் பஹாரியில் டெரி நிறுவனத்தின் பயிற்சி விடுதியில், 4 மீட்டர் ஆழத்தில் சுரங்கக் குழாய் போட்டு, அதன் வழியே காற்றை அனுப்பி அறைகளுக்குத் தருகிறார்கள்.

கேட்கக் கேட்க எனக்கு ஆசைதான். இவர் மட்டும், "முதல்லே நம்ம வீட்டுக்கு என்ன தேவைன்னு எழுது" என்று ஒரு நோட்டை நீட்டினார். மளிகைக் கணக்கு மாதிரி எழுதினேன்.

முதல் வரி: குளிர்ச்சி. கொடைக்கானலில் சித்திரையிலும் ஃபேன் கூடத் தேவையில்லை. ஆக, மெஷினில் பாதி வேலை வீண்.

இரண்டாவது: சூடு. சுவீடனில் வீடு முழுக்க, மாதக்கணக்கில் வேண்டும். அங்கே காற்று பூஜ்யத்துக்கும் வெகு கீழே போகும்போது மண்ணின் சூடு பெரிய சொத்து. இங்கே மண் ஏறக்குறைய 15 டிகிரி. ராத்திரிக் காற்று பூஜ்யத்தைத் தொடுவதே அபூர்வம். எனக்கு வேண்டியது ஓர் அறைக்கு, இரண்டு மூன்று மாத ராத்திரிகளுக்கு.

மூன்றாவது: தோண்டுவது. பழனி மலை கெட்டியான பாறை. போர் போடவும் சரிவை வெட்டவும் அரசாங்க அனுமதி வேண்டும். அதில் நியாயமும் இருக்கிறது. எங்களுக்குத் தெரிந்த ஒருவர் கார் ஷெட்டுக்காகச் சரிவை வெட்டினார். ஐப்பசி மழையில் சுவரோடு மண் இறங்கிவிட்டது.

நான்காவதை எழுதியது எங்கள் ஆசாரி! கூரையையும் கதவையும் பார்த்துவிட்டு, "இந்த வீட்டுலே எந்த மெஷின் வெச்சாலும் ஓட்டைக் குடத்துலே தண்ணி ஊத்துற மாதிரிதாம்மா" என்றார். அந்த ஒரு பேச்சில் என் மயக்கம் தெளிந்தது.

ஓர் அறையை எடுத்துக்கொண்டோம். தகரத்துக்குக் கீழே ஒட்டுப்பலகையில் தட்டுக்கூரை அடித்தோம். ஜன்னல் இடுக்குகளில் ரப்பர் பட்டை ஒட்டினோம். பழைய சேலையைக் குழாய் மாதிரி தைத்து, பஞ்சடைத்துக் கதவடியில் போட்டேன். தரையில் கோரைப்பாய், அதன் மேல் ஜமக்காளம். பகலில் வெயிலுக்குத் திரையைத் திறந்து, நாலு மணிக்கெல்லாம் மூடிவிடுவேன். முன்பு விடியற்காலையில் 12 டிகிரி காட்டிய அறை, எதுவும் எரிக்காமலே 15 காட்டியது.

மீதிக்கு ஒரு 'ஹாட் அண்ட் கோல்டு' ஏ.சி. வாங்கினோம். அதுவும் சூட்டைச் சுமக்கும் மெஷின்தான். மண்ணுக்குப் பதில் வெளிக்காற்றிலிருந்து எடுக்கிறது. சாதாரண ஏ.சி. இதற்கு உதவாது, கேட்டு வாங்குங்கள். 2,000 வாட் ஹீட்டர் எட்டு மணி நேரம் எரிந்தால் 16 யூனிட். அதே சூட்டுக்கு இதற்கு ஐந்தாறு யூனிட் போதும்.

தம்பியிடம் சொன்னேன். "சரியான கணக்குத்தான் அக்கா. இங்கேயும் முதல்லே சுவரைத்தான் கெட்டியா மூடுறாங்க, அப்புறம்தான் குழாய்" என்றான். அதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா!

குளிர் ஊர்களில் இருக்கும் இளம் தாய்மார்களுக்குச் சில வார்த்தைகள்:

* மூடிய அறைக்குள் கரியடுப்பு, கணப்புச் சட்டி வைத்துத் தூங்கவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, தூக்கத்திலேயே உயிரைக் குடிக்கும். இடுக்கை அடைத்த அறையில் ஆபத்து இன்னும் அதிகம்.

* இடுக்கை அடைத்தாலும் மேலே ஒரு சிறு காற்று வழி இருக்கட்டும்.

* சூடான காற்று குழந்தை மேல் நேராக அடிக்கக் கூடாது. நெஞ்சைத் தொட்டுப் பாருங்கள். சில்லிட்டிருந்தாலோ வியர்த்திருந்தாலோ கவனியுங்கள்.

* தாயின் நெஞ்சோடு வெற்றுடம்பாக அணைத்து, மேலே போர்த்துவதுதான் பச்சைக் குழந்தைக்கு நல்ல கதகதப்பு. கரன்ட் போனாலும் அது நிற்காது.

பேத்தி பிறந்து பத்தாம் நாள் மலையேறி வந்தாள். அன்று வெளியே நல்ல பனி. உள்ளே அவள் ஸ்வெட்டர் கூட இல்லாமல் காலை உதைத்துக்கொண்டிருந்தாள். கொள்ளுப்பாட்டியான என் மாமியார் அந்த அறையை விட்டு நகரவேயில்லை. கேட்டால், பேத்தியைப் பார்த்துக்கொள்ளத்தானாம்!