காய் இல்லாத ஊறுகாய்

வினைத்தொகை நடத்தும்போதெல்லாம் ஊறுகாயைத்தான் எடுத்துக்காட்டாகச் சொல்வது என் வழக்கம். ஊறிய காய், ஊறுகின்ற காய், ஊறும் காய் என மூன்று காலத்தையும் தன்னுள் மறைத்து நிற்கும் சொல் அது. ஒருமுறை மாணவர் ஒருவர், "காயை எடுத்துவிட்டால் என்ன ஆகும், ஐயா?" என்று கேட்டார். வகுப்பு சிரித்தது. எனக்கோ ஓர் அமெரிக்கக் கடையின் பெயர்ப்பலகை நினைவுக்கு வந்தது.

ஆங்கிலத்தில் 'டங்க்' என்றால் தோய்த்தல். காப்பியில் தோய்த்துத் தின்னும் டோனட் என்பதே 'டங்கின் டோனட்ஸ்' என்ற பெயரின் பொருள். 2019 ஜனவரியில் அந்நிறுவனம் டோனட்டை நீக்கிவிட்டு வெறும் 'டங்கின்' ஆயிற்று. ஆரஞ்சும் இளஞ்சிவப்பும் அப்படியே இருந்தன. உருண்டையான எழுத்துகளும் மாறவில்லை. வினை நின்றது, பெயர் போயிற்று. விற்பனையில் பெரும்பங்கு பானங்களுடையது என்பது நிறுவனத்தின் விளக்கம். மக்களும் அதை முன்பே சுருக்கித்தான் அழைத்து வந்தார்கள்.

இதை வணிகத் தந்திரம் என்று எள்ளுவது எளிது. நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் வரலாற்றைப் பார்த்தால், காப்பி இடையில் நுழைந்த அந்நியன் அன்று. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்ட வில்லியம் ரோசன்பர்க், இரண்டாம் உலகப் போருக்குப் பின் பாஸ்டன் வட்டாரத்து ஆலைத் தொழிலாளர்களுக்கு வண்டிகளில் உணவு விற்றவர். விற்பனையில் சுமார் 40 விழுக்காடு காப்பியும் டோனட்டும் என்று கண்டு, 1948இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் குவின்சியில் கடை திறந்தார். டோனட் 5 சென்ட், காப்பி 10 சென்ட். 1950இல்தான் 'டங்கின் டோனட்ஸ்' என்ற பெயர் வந்தது. முதல் நாளிலிருந்தே காப்பிக்கு இருமடங்கு விலை!

அப்படியானால் உண்மையில் மாறியது எது? விளம்பரங்களில் விடை இருக்கிறது. 1980களின் தொடக்கம் முதல் 1997 வரை அந்நிறுவனத்தின் முகமாக இருந்தவர் ஃபிரெட் என்னும் சமையற்காரர்; நடித்தவர் மைக்கேல் வேல். பொழுது விடியுமுன் தூக்கக் கலக்கத்தோடு எழுந்து, டோனட் செய்யும் நேரமாயிற்று என்று முனகியபடி கிளம்புவார். ஒரு விளம்பரத்தில், வேலைக்குப் போகும் ஃபிரெட், வேலை முடிந்து திரும்பும் தன்னையே வாசலில் எதிர்கொள்வார். நகைச்சுவைதான், எனினும் உழைப்பின் களைப்பு அதில் மறைக்கப்படவில்லை. 2006இல் வந்த புதிய முழக்கமோ, அமெரிக்காவே டங்கினால்தான் ஓடுகிறது என்றது. செய்பவர் விடைபெற்றார், காப்பிக் கோப்பையோடு வேலைக்கு ஓடுபவர் கதைநாயகரானார்.

கடைகளுக்குள்ளும் இதுவே நடந்தது. பல கடைகளில் அடுப்பு அணைந்தது. பொது உற்பத்திக் கூடங்களிலிருந்து டோனட்டுகள் வண்டியில் வந்து இறங்கின. தோய்ப்பதற்கென்றே சிறு கைப்பிடி வைத்த டோனட் ஒன்று இருந்தது. கடையின் பெயருக்கே சான்றாக நின்ற பண்டம். கையால் வெட்ட வேண்டியிருந்த அதுவும் 2000களின் தொடக்கத்தில் கைவிடப்பட்டது.

ஆகவே பெயர்மாற்றத்தை நான் பொய் என்று சொல்ல மாட்டேன். காலம் தாழ்ந்து வந்த ஒப்புதல் வாக்குமூலம் அது. மொழியிலும் பொருள் முன்னே நகர்ந்துவிடுகிறது. சொல் பின்னால் மெல்ல வந்து சேர்கிறது. நாம் பலகையைப் பார்த்துக்கொண்டிருப்பதால், மாற்றம் அன்றுதான் நிகழ்ந்தது என்று மயங்குகிறோம். 2019இல் நீக்கப்பட்ட சொல்லுக்காக வருந்தியவர்கள் பலர். அதற்கு வெகுமுன்பே விடிகாலை அடுப்படியிலிருந்து நீங்கிய மனிதருக்காக அவ்வளவு பேர் வருந்தியதாகத் தெரியவில்லை.

மாணவருக்கு அன்று நான் சொன்ன விடை இலக்கண விடை: காயை எடுத்தால் தொகை இல்லை, 'ஊறு' மட்டும் மிஞ்சும். அச்சொல்லுக்குத் தீங்கு என்றும் ஒரு பொருள் உண்டு என்பதை அடுத்த வகுப்பில் சேர்த்துச் சொல்ல வேண்டும்.