சிபாரிசுக் கடிதம் வேண்டா, காரணம் கேளுங்கள்

இயலாமைக் கொடுப்பனவு கேட்டு விண்ணப்பித்த ஒருவருக்கு "இல்லை" என்ற விடை கிடைக்குமாயின், எமது தீவகத்தில் அடுத்து நிகழ்வது யாது? அவர் மேன்முறையீடு எழுதுவதில்லை. ஏன் மறுத்தீர்கள் என்று கேட்பதுமில்லை. ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு அரசியல்வாதி ஒருவரின் வாயிலுக்குச் செல்கிறார். அங்கே ஒரு சிபாரிசுக் கடிதம் பெற்று, அதனை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, முன்னர் அமர்ந்திருந்த அதே வாங்கில் மீண்டும் வந்து அமர்கிறார். காரைநகரிலும் ஊர்காவற்றுறையிலும் நயினாதீவிலும் நெடுந்தீவிலும் இதுவே வழக்கம்.

அரசியற் பணியிலும் ஈடுபட்டுள்ள சட்டத்தரணி என்ற வகையில், இத்தகைய கடிதம் கேட்டு என்னிடமும் பலர் வருகின்றனர். நான் கொடுப்பதில்லை. இதனால் எனக்குக் கிடைத்துள்ள பெயர் நல்ல பெயரன்று. ஆயினும் சொல்ல வேண்டியதைச் சொல்லியே தீர வேண்டும். சிபாரிசுக் கடிதத்துக்குச் சட்டத்தில் இடமில்லை. அதற்குப் பதில் எழுத எந்த உத்தியோகத்தரும் கடமைப்பட்டவரல்லர். அது எந்தக் காலக்கெடுவையும் தொடக்கி வைப்பதில்லை. கடிதத்தால் காரியம் கைகூடினாலோ கேடு இன்னும் பெரிது. உரிமையாக வரவேண்டிய பணம் ஒருவரது தயவாக வந்து சேர்கிறது. அத்தயவுக்குரிய வட்டி தேர்தற் காலத்தில் அறவிடப்படுகிறது. கடிதம் வாங்கிக் கொடுக்க ஆளில்லாத அயல்வீட்டுக் கிழவியின் பார்வையற்ற மகனோ வரிசையில் மேலும் பின்னே தள்ளப்படுகிறான்.

கேட்கப்படும் தொகை பெருந்தொகையன்று. 2023 இல் அஸ்வெசும நலன்புரித் திட்டம் நடைமுறைக்கு வந்தபோது மாற்றுத்திறனாளி ஒருவருக்கு மாதம் 5,000 ரூபா. 2024 இல் 7,500 ரூபா. 2025 ஏப்ரல் முதல் 10,000 ரூபா. நாட்கணக்கில் பார்த்தால் முந்நூறு ரூபாவைச் சிறிது கடந்த பணம். 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இந்நாட்டில் ஐந்து வயதுக்கு மேற்பட்டோருள் 1,617,924 பேருக்கு ஏதோவொரு வகை இயலாமை உண்டு. 2023 ஆம் ஆண்டுத் திட்டம் கொடுப்பனவுக்கெனக் கணக்கில் எடுத்த மாற்றுத்திறனாளிகளோ 72,000 பேர். பதினாறு இலட்சம் பேரும் வறியவரல்லர், கடும் இயலாமை உடையவருமல்லர் என்பதை ஒப்புக்கொள்வோம். ஒப்புக்கொண்ட பின்னரும் எஞ்சி நிற்கும் இடைவெளி சிறியதா? அந்த இடைவெளியில் தாம் ஏன் நிறுத்தப்பட்டுள்ளோம் என்று அறியும் உரிமை அங்கே நிற்போருக்கு இல்லையா?

உண்டு. சட்டத்திலேயே உண்டு.

2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் பத்திரிகையாளருக்கும் பட்டினத்தாருக்கும் உரியதென நம்மவர் எண்ணியிருக்கின்றனர். அதன் 35 ஆம் பிரிவை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். எவரையேனும் எவ்வகையிலேனும் பாதிக்கும் தீர்மானத்தை எடுக்கும் அரச உத்தியோகத்தர், பாதிக்கப்பட்டவர் கேட்குமிடத்து, அத்தீர்மானத்துக்கான காரணங்களை அவருக்கு வெளிப்படுத்த வேண்டும் என்பது அதன் பொருள். கேட்க வேண்டும், அவ்வளவே. எழுத இயலாதவர் வாயாற் கேட்கலாம்; அதனை எழுத்தில் வடிப்பது தகவல் உத்தியோகத்தரின் கடமை. தகவலைத் தருவதா மறுப்பதா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அவர் தீர்மானித்து அறிவிக்க வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தரிடம் மேன்முறையீடு. அங்கும் நீதி கிட்டாவிடின் இரண்டு மாதங்களுக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. விடை தமிழில் வரவேண்டும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? வடக்கு, கிழக்கு மாகாணங்களில் நிருவாக மொழி தமிழ் என்று அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரை கூறுகிறது. 1956 இலிருந்து நாம் பட்ட பாட்டின் பயனாக ஏட்டில் ஏறிய உரிமை அது. அதனை ஒரு மறுப்புக் கடிதத்தின் மீது பிரயோகிக்கக் கூட நமக்கு மனம் வராதிருப்பது விந்தையே.

காரணம் கேட்பதில் அப்படி என்ன இருக்கிறது என வினவுவோர் உளர். கருணாதாச எதிர் யுனிக் ஜெம் ஸ்ரோன்ஸ் என்ற தொழில் வழக்கில், 1997 ஆம் ஆண்டு அறிக்கைகளில் வெளிவந்த தீர்ப்பிலே, நீதியரசர் மார்க் பெர்னாண்டோ இதற்கு விடை பகர்ந்துள்ளார். ஒருவரது பக்கத்தைக் கேட்பது மட்டும் இயற்கை நீதியாகாது. கேட்டதை எடைபோட்டு எவ்வாறு முடிவுக்கு வந்தனர் என்பதைக் காட்டுவதும் அதன் பகுதியே என்பது அத்தீர்ப்பின் உட்கிடை. காரணமில்லாத மறுப்பு கதவில்லாத மதில் போன்றது. எவ்விடத்தில் தட்டுவது? காரணம் எழுத்தில் வந்துவிட்டாலோ, அது பிழையா சரியா என்று வாதிடலாம்.

தீவகத்தின் ஓர் ஊரைச் சேர்ந்த கமக்காரர் ஒருவர் நீண்ட காலமாக ஓர் அலுவலகத்துக்கு அலைந்தார். வலக்கால் முழங்காலுக்குக் கீழ் இல்லை. போகும் போதெல்லாம் "மேலிடத்திலிருந்து இன்னும் வரவில்லை" என்ற ஒரே விடை. காரணத்தை எழுத்திற் கேட்டு ஒரு கடிதம் வரைந்து கொடுத்தேன். வந்த பதில் இரண்டே வரி: வைத்தியச் சான்றிதழில் இயலாமை நிரந்தரமானதா என்று குறிப்பிடப்படவில்லை. துண்டிக்கப்பட்ட கால் மீண்டும் முளைக்கும் என்று எண்ணினர் போலும்! ஆயினும் கோபித்துப் பயனில்லை. வைத்தியர் ஒரு வரி எழுதினார், விண்ணப்பம் நகர்ந்தது. அந்த ஒரு வரிக்காக அவர் எத்தனை முறை பொன்னாலைப் பாலத்தைக் கடந்திருப்பார்!

இவ்விடத்தில் வைத்திய நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் சான்றிதழ் நோயின் பெயரை எழுதுகிறது. மனிதனால் எது இயலாது என்பதை எழுதுவதில்லை. "கால் அகற்றப்பட்டது" என்பது ஒரு செய்தி. ஈர வரம்பில் நடக்க இயலாது, கிணற்றில் நீர் அள்ள இயலாது, பவுசர் வரும்போது குடிநீர்க் குடத்தை வீட்டுக்குத் தூக்கிவர இயலாது, துணையின்றிப் பேருந்தில் ஏற இயலாது என்பது சாட்சியம். வானம் பார்த்த நெல்வயலை நம்பி வாழும் காரைநகர்க் கமக்காரனுக்கு இவை ஒவ்வொன்றும் சீவனம் பற்றியவை. நெடுந்தீவிலிருந்து ஒருவர் குறிகட்டுவானுக்குப் படகேறி, பின்னர் பேருந்தேறி யாழ்ப்பாணம் வந்து உங்கள் முன் அமர்கிறார். அவருக்காக இன்னும் மூன்று வரி எழுதுவது பெரும் பாரமாகுமா?

மற்றொரு குழப்பமும் உண்டு. குடும்பத்தின் வறுமையை அளந்து கொடுக்கும் அஸ்வெசுமக் கொடுப்பனவு வேறு. மாற்றுத்திறனாளி என்பதற்காகக் கொடுப்பது வேறு. எது மறுக்கப்பட்டது என்று தெரியாமலே பலர் முறையிடுகின்றனர். முன்னையது கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீடு, குடும்ப அமைப்பு என்ற ஆறு துறைகளில் 22 அளவுகோல்களால் அளக்கப்படுகிறது. காரைநகரிலோ பூட்டிய மாளிகைகள் நிறைந்த தெருக்கள் உள்ளன. உரிமையாளர் இலண்டனிலும் கனடாவிலும் இருக்க, காவலுக்கு இருக்கும் ஏழைக் குடும்பம் பின்னறையில் உறங்குகிறது. கணக்கெடுக்க வருபவர் கல்வீட்டைப் பார்க்கிறார். வீடு தம்முடையதன்று என்பதை உறுதியின் பிரதியாலோ உரிமையாளரின் கடிதத்தாலோ காட்டாவிட்டால், தமக்கில்லாத செல்வம் தமது பெயரில் ஏறிவிடும்.

2023 யூலை 10 ஆம் நாளுடன் முடிவடைந்த முதற் கட்டத்தில் ஒன்பது இலட்சத்துக்கு மேற்பட்ட முறையீடுகள் குவிந்தன. ஒரு திட்டம் தொடங்கிய உடனேயே அத்தனை பேர் "பிழை" என்று கூவினால், அளவுகோலை அன்றோ ஐயுற வேண்டும்? அம்முறையீடுகளை ஆராய்ந்தது யார்? மறுத்த நிருவாகத்தின் மற்றொரு படி. சுதந்திரமான நடுவர் எவருமிலர்.

காத்திருப்பு என்றால் என்ன என்பதற்கு அமெரிக்காவிலிருந்து ஒரு வழக்கைக் கூறுவேன். எல்ட்ரிட்ஜ் என்பவரின் இயலாமைக் கொடுப்பனவு நிறுத்தப்பட்டது. நிறுத்துமுன் நேரில் விசாரித்திருக்க வேண்டாவா என்பது வினா. வேண்டியதில்லை, பின்னர் முழு விசாரணை உண்டு, வென்றால் நிலுவை கிடைக்கும் என்று 1976 இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றப் பெரும்பான்மையினர் தீர்த்தனர். மாறுபட்ட நீதியரசர் பிரெனன் ஓர் உண்மையைச் சுட்டினார்: பணம் நின்றதால் அக்குடும்பத்தின் வீடு ஈட்டுக்காகப் பறிபோயிற்று, தளபாடங்களும் பறிபோயின, கணவன் மனைவி பிள்ளைகள் அனைவரும் ஒரே கட்டிலில் உறங்கினர். நிலுவை வந்தாலும் அந்த இரவுகள் திரும்புமா? பெரும்பான்மைத் தீர்ப்பைவிட அந்த ஒரு கட்டிலே என் நினைவில் நிற்கிறது.

அத்தீர்ப்பிலும் பின்னர் ஒரு முழு விசாரணை உண்டென்ற உறுதியாவது இருந்தது. நம் ஊரவர் பலர் குடியேறிய பிரித்தானியாவில், மறுக்கப்பட்டவர் முதலில் மறுபரிசீலனை கேட்கிறார். அதன்பின் நீதிபதி, வைத்தியர், இயலாமை பற்றி அனுபவமுள்ள ஒருவர் ஆகிய மூவர் கொண்ட தீர்ப்பாயம் அவரை விசாரிக்கிறது. விசாரணை வரை செல்லும் முறையீடுகளில் பாதிக்கு மேற்பட்டவை அங்கே வெற்றி பெற்று வருகின்றன. அவ்வரசு தாராளமானது என்பதற்கன்று இதனைக் கூறுவது. வெளியாள் ஒருவர் பார்த்தால் எத்தனை மறுப்புகள் நிலைக்காமற் போகின்றன என்பதற்காகவே. இத்தகைய மூவர் சபை மாவட்டந்தோறும் அமைய வேண்டும். நெடுந்தீவார் அதனைத் தேடி வராமல், அது ஊர்காவற்றுறைக்கேனும் வந்து அமர வேண்டும். தமிழ்ப் பாராளுமன்ற உறுப்பினர்கள் கடிதம் எழுதும் நேரத்தில் இதற்கு ஒரு தனியார் சட்டமூலம் எழுதலாம்.

நீதிமன்ற வழியும் இருக்கிறது. ஆனால் அது குறுகியது. அடிப்படை உரிமை மீறலென்றால் 126 ஆம் உறுப்புரையின் கீழ் ஒரு மாதத்துக்குள் உச்ச நீதிமன்றம் செல்ல வேண்டும். அதே ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அங்கு விசாரணை நடைபெறும் காலம் கழிக்கப்படும். வெறுமனே முறைப்பாட்டைக் கொடுத்துவிட்டு இருந்தால் கழிக்கப்படாது; இதில் ஏமாந்தோர் உளர். கொழும்புக்கு எல்லோராலும் செல்ல முடியாது என்பதாலேதான் முதற் படியிலேயே உறுதியாக நிற்க வேண்டும்.

ஆதலின் ஆசிரியர்களே, ஓய்வுபெற்ற எழுதுவினைஞர்களே, இளஞ் சட்டத்தரணிகளே! வாசிகசாலையில் வாரம் ஒரு மாலை அமருங்கள். வருபவரிடம் எக்கட்சி என்று கேளாதீர்கள். மறுப்பு எந்நாளில், யாரால், எக்கொடுப்பனவுக்கு என்று கேளுங்கள். அதனை மனுவின் முதற் பந்தியில் எழுதுங்கள். 35 ஆம் பிரிவைக் குறிப்பிட்டுக் காரணம் கேளுங்கள். பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டைப் பிரதியுடன் ஊசியால் இணைத்து, மனுதாரர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். கமக்கார அன்பர்களும் விதானையாரிடம் போகும்போது அந்தக் கட்டை மறவாது எடுத்துச் செல்லுங்கள்.