வில்பத்துவைப் பார்க்கச் செல்லும் முன் அதன் எல்லையை அறிவோம்

பாடசாலை விடுமுறை வந்ததும் புத்தளம், கற்பிட்டி, மன்னார் பகுதிகளிலுள்ள பல குடும்பங்கள் நுவரெலியாவுக்கும் கண்டிக்கும் பயணத் திட்டம் வகுக்கின்றன. ஆனால் தமது வீட்டு வாசலிலிருந்து ஓரிரு மணி நேரப் பயணத் தொலைவில் இலங்கையின் மிகப் பெரிய தேசிய பூங்கா இருப்பதை இவற்றுள் பல குடும்பங்கள் ஒரு சுற்றுலாத் தலமாக எண்ணிப் பார்ப்பதில்லை. வில்பத்து என்றதும் நமது மக்களின் நினைவுக்கு வருவது சிறுத்தையோ கரடியோ அல்ல. வர்த்தமானி அறிவித்தல், ஆர்ப்பாட்டம், நீதிமன்றத் தீர்ப்பு ஆகியவையே நினைவுக்கு வருகின்றன. உலகெங்குமிருந்து வரும் உல்லாசப் பயணிகளுக்கு அமைதியின் உறைவிடமாகத் தெரியும் ஒரு வனம், அதன் விளிம்பில் வாழும் தமிழ் பேசும் மக்களுக்கு ஒரு சர்ச்சையின் பெயராக மட்டும் எஞ்சியிருப்பது கவலைக்குரியதாகும். இந்நிலைமை ஏன் ஏற்பட்டது என்பதையும், அதை மாற்ற அரசும் நாமும் செய்ய வேண்டியது என்ன என்பதையும் ஆராய்வது அவசியமாகும்.

1905ஆம் ஆண்டு வனஜீவராசிகள் சரணாலயமாகவும், 1938 பெப்ரவரியில் தேசிய பூங்காவாகவும் பிரகடனப்படுத்தப்பட்ட வில்பத்து, ஏறத்தாழ 1,31,700 ஹெக்டேயர் பரப்பளவைக் கொண்டது. தெற்கே கலா ஓயாவும் வடக்கே மோதரகம் ஆறும் அதன் எல்லைகளாக அமைய, மேற்கே கடல் தழுவுகிறது. மணல் மேடுகளால் சூழப்பட்டு, மழைநீரால் மாத்திரம் நிரம்பும் 'வில்லு' எனப்படும் இயற்கை நீர்நிலைகளே இவ்வனத்தின் தனிச்சிறப்பாகும். பூங்காவின் பெயரும் இவற்றிலிருந்தே வந்ததாகக் கூறப்படுகிறது. மனிதர் கட்டிய குளங்கள் நிறைந்த உலர் வலயத்தில், மனிதர் கைபடாமல் உருவான இந்நீர்நிலைகளின் முக்கியத்துவம் கருதி, 2013ஆம் ஆண்டு வில்பத்து ஈரநிலத் தொகுதி ராம்சார் சாசனத்தின் கீழ் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்ததாக அங்கீகரிக்கப்பட்டது.

இவ்வனத்தின் அமைதிக்குப் பின்னால் ஒரு துயர வரலாறும் உண்டு. யுத்தம் காரணமாக 1988 டிசம்பரில் மூடப்பட்ட பூங்கா, போர்நிறுத்த உடன்படிக்கையின் பின்னர் 2003 மார்ச்சில் மீண்டும் திறக்கப்பட்டது. 2006 மே மாதம் பூங்காவினுள் இடம்பெற்ற கண்ணிவெடியில் ஆங்கில நாவலாசிரியர் நிஹால் டி சில்வா உட்படப் பலர் பலியாகினர். அதன் பின் மீண்டும் மூடப்பட்ட கதவுகள் 2010ஆம் ஆண்டிலேயே திறக்கப்பட்டன. ஒரு தலைமுறைக் காலம் மக்கள் கால் வைக்காத காடு இது. யால பூங்காவில் ஒரு சிறுத்தையைச் சுற்றி ஜீப் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும் காட்சி வழமையாகிவிட்ட காலத்தில், வில்பத்து இன்னும் ஒப்பீட்டளவில் நிசப்தமாக இருப்பதற்கு அதன் விசாலமும் அந்த நீண்ட மூடுகாலமும் காரணங்களாகும்.

எனினும் இது மனிதர் வாழாத வெற்று நிலமாக என்றும் இருந்ததில்லை. பூங்காவினுள் அமைந்துள்ள பொம்பரிப்பில் கண்டெடுக்கப்பட்ட கிறிஸ்துவுக்கு முற்பட்ட காலத்து ஈமத்தாழிகளைத் தமிழகத்தின் ஆதிச்சநல்லூர்த் தாழிகளோடு ஆய்வாளர்கள் ஒப்பிட்டுள்ளனர். அல்லி அரசியின் கதையோடு தொடர்புபடுத்தப்படும் குதிரைமலை முனை பூங்காவின் கடற்கரையிலேயே உள்ளது. 1344இல் இக்கரைக்கு வந்த இப்னு பதூதா, ஆரியச் சக்கரவர்த்தியைப் புத்தளத்தில் சந்தித்ததாகத் தமது பயணக் குறிப்பில் பதிவு செய்துள்ளார். பள்ளக்கண்டல் புனித அந்தோனியார் ஆலயத் திருவிழாவுக்காக யாத்திரிகர்கள் இன்றும் இவ்வனத்தினூடாகவே செல்கின்றனர். ஆகவே தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் ஆகிய மூன்று சமூகத்தாரின் நினைவுகளும் படிந்த நிலம் இது.

அப்படியிருக்க, இது ஏன் ஒரு சமூகத்திற்கு எதிரான குற்றச்சாட்டின் பெயராக மாறியது? இதற்கான விடை மோதரகம் ஆற்றின் வடகரையில் உள்ளது.

1990 ஒக்டோபர் இறுதியில் விடுதலைப் புலிகளால் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட ஏறத்தாழ 75 ஆயிரம் முஸ்லிம்களுள் மன்னார் முசலிப் பிரதேசத்தின் மறிச்சிக்கட்டி, கரடிக்குளி, பாலைக்குளி ஆகிய கிராமங்களின் மக்களும் அடங்குவர். மன்னாரிலிருந்து பலர் படகேறிக் கற்பிட்டிக் கரையை அடைந்தனர். புத்தளம் மாவட்டத்தின் ஓலைக் குடிசைகளில் இருபது ஆண்டுகள் கழிந்தன. 2009இல் யுத்தம் முடிந்து அவர்கள் திரும்பியபோது, கைவிடப்பட்ட வீட்டு நிலங்களிலும் வயல்களிலும் காடு வளர்ந்திருந்தது. வெளியேறியபோது இருந்த குடும்பங்களும் பல மடங்காகப் பெருகியிருந்தன.

இந்நிலையில் 2012 ஒக்டோபரில் வனபரிபாலனத் திணைக்களத்தின் வர்த்தமானி அறிவித்தல் ஒன்று மறிச்சிக்கட்டி, கரடிக்குளிப் பகுதிகளை ஒதுக்குக் காடாகப் பிரகடனப்படுத்தியது. தமது பாரம்பரியக் காணிகளும் அதற்குள் அகப்பட்டுவிட்டன என்பது மக்களின் முறைப்பாடாகும். 2015இல் 'வில்பத்து அழிக்கப்படுகிறது' என்ற கோஷம் நாடெங்கும் ஒலித்தது. 2017 மார்ச்சில், அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன ரஷ்யாவுக்கு விஜயம் செய்திருந்த வேளையில் கையொப்பமிட்ட வர்த்தமானி, சுமார் 40 ஆயிரம் ஹெக்டேயர் நிலப்பரப்பை மாவில்லு பேணற்காடாக அறிவித்தது. மறிச்சிக்கட்டியில் மக்கள் பல வாரங்கள் தொடர் போராட்டம் நடத்தினர். 2020 நவம்பர் 16ஆம் திகதி மேன்முறையீட்டு நீதிமன்றம், வில்பத்துவை அண்மித்த கல்லாறு ஒதுக்குக் காட்டில் குடியேற்றத்திற்காகக் காடழிக்கப்பட்டமை சட்டவிரோதமானது எனத் தீர்ப்பளித்து, மீள்வனமாக்கலுக்கான செலவை முன்னாள் அமைச்சர் றிசாட் பதியுதீன் ஏற்க வேண்டும் எனக் கட்டளையிட்டது.

இவ்விடயத்தில் இரு தரப்பினரும் தத்தமக்கு வசதியான பாதி உண்மையை மட்டுமே பேசி வந்துள்ளனர். சர்ச்சைக்குரிய குடியேற்றப் பகுதிகள் மோதரகம் ஆற்றுக்கு வடக்கே, தேசிய பூங்காவின் எல்லைக்கு வெளியே உள்ளவை. தேசிய பூங்கா வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் கீழும், ஒதுக்குக் காடுகள் வனபரிபாலனத் திணைக்களத்தின் கீழும் வருகின்றன. இந்த வேறுபாட்டை மறைத்து, அகதிகளாகத் திரும்பிய மக்களைப் பூங்காவை விழுங்க வந்தவர்களாகச் சித்திரித்தது பெரும் அநீதியாகும். மறுபுறத்தில், பூங்காவுக்கு வெளியே உள்ளது என்பதால் அது காடல்ல என்றாகிவிடாது. யானைகள் திணைக்களங்களின் வரைபடம் பார்த்து நடப்பதில்லை. நீதிமன்றம் சட்டவிரோதம் எனக் கண்ட காடழிப்பை, சமூகத்தின் மீதான தாக்குதல் என்று மட்டும் கூறித் தட்டிக் கழிப்பது அறிவுடைமையாகாது. பூர்வீகக் காணிக்கான உரிமையும், அரசியல் அனுசரணையுடன் புதிதாகத் துப்புரவாக்கப்பட்ட நிலமும் ஒன்றல்ல. இவ்விரண்டையும் குழப்பியதால் உண்மையான உரிமையாளரே அதிகம் பாதிக்கப்பட்டார்.

இதே ஆற்றங்கரையில் முள்ளிக்குளம் கத்தோலிக்கத் தமிழ்க் கிராமமும் உள்ளது. 2007இல் இடம்பெயர்ந்த அம்மக்களின் நிலத்தில் கடற்படை முகாம் அமைந்தது. நீண்ட போராட்டத்தின் பின்னர் 2017இல்தான் ஒரு பகுதியை விடுவிக்கக் கடற்படை இணங்கியது. காணியின் எல்லையை மக்களைக் கேளாது கொழும்பிலிருந்து நிர்ணயிக்கும் பழக்கம் முஸ்லிம்களை மாத்திரம் பாதித்த ஒன்றல்ல என்பதற்கு இது சான்றாகும். ஆகவே இது தமிழர்களும் முஸ்லிம்களும் சேர்ந்து குரல் கொடுக்க வேண்டிய விவகாரமாகும்.

தீர்வு கடினமானதன்று. நில அளவைத் திணைக்களம், பிரதேச செயலகம், இரு வனத் திணைக்களங்கள் ஆகியன ஊர்ப் பெரியோர்களையும் உடன் வைத்துக்கொண்டு களத்தில் இறங்கி அளக்க வேண்டும். 1990க்கு முந்திய உறுதிகள், அனுமதிப் பத்திரங்கள், பள்ளிவாசல், ஆலய, பாடசாலைப் பதிவுகள் ஆகியவற்றை ஆதாரமாக ஏற்று, உரிய காணியை விடுவித்து, எஞ்சிய காட்டுக்குக் கண்ணுக்குத் தெரியும் எல்லைக் கற்களை நாட்ட வேண்டும். தெளிவான எல்லை மக்களுக்கு எவ்வளவு பாதுகாப்போ, காட்டுக்கும் அவ்வளவு பாதுகாப்பாகும்.

சுற்றாடல் அக்கறை ஒரு தரப்பினரின் தனிச்சொத்து என்ற எண்ணமும் களையப்பட வேண்டும். 2017 ஏப்ரலில் மீதொட்டமுல்ல குப்பைமேடு சரிந்து 32 பேர் பலியான பின்னர், கொழும்பின் குப்பைகளைப் புத்தளம் அருவக்காட்டில் கொட்டும் திட்டம் துரிதப்படுத்தப்பட்டது. வில்பத்துவின் தென் எல்லைக்கும் களப்புக்கும் அண்மையில் அமைந்த அவ்விடத்திற்கு எதிராக 2018 இறுதியிலிருந்து வீதிக்கு இறங்கியவர்கள் புத்தளத்தின் முஸ்லிம்கள், தமிழர்கள், சிங்களவர்கள் ஆகிய மூவினத்தாருமே. ஆயினும் 2019 ஓகஸ்டில் குப்பை லொறிகள் வந்தே சேர்ந்தன. மறிச்சிக்கட்டிக்கு எதிராக நாடெங்கும் எழுந்த குரல், அருவக்காட்டுக்காக அதே வேகத்தில் எழவில்லை என்பதைப் புத்தளத்து மக்கள் மறந்துவிடவில்லை.

புத்தளம் - இலவன்குளம் - மறிச்சிக்கட்டி - மன்னார் பழைய வீதியும் இத்தகைய ஒரு சிக்கலே. புத்தளத்திலும் மன்னாரிலுமாகப் பிரிந்து வாழும் குடும்பங்களுக்கு, அநுராதபுரம் வழியாகச் சுற்றிச் செல்லாதிருக்க இப்பாதை தேவை. பூங்காவை ஊடறுக்கும் நெடுஞ்சாலை வனவிலங்குகளுக்கு ஆபத்து என்ற சூழலியலாளரின் வாதமும் நியாயமானதே. இந்தியாவின் பந்திப்பூர்க் காட்டு வீதியில் 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை வாகனப் போக்குவரத்து மட்டுப்படுத்தப்பட்டுள்ளது. வீதியை அகலமாக்காது, கனரக வாகனங்களை அனுமதிக்காது, பகலில் மாத்திரம் கட்டுப்படுத்தப்பட்ட வேகத்தில் பஸ் சேவை நடத்தும் இத்தகைய ஏற்பாடு இங்கும் பரிசீலிக்கத் தக்கதாகும்.

சுற்றுலாவின் பயன் எவரைச் சேர்கிறது என்பதும் முக்கியமானது. பெரும்பாலான பயணிகள் புத்தளம் - அநுராதபுரம் வீதியில் திம்பிரிவெவ சந்தியில் திரும்பி, ஹுனுவிலகம பிரதான வாயில் வழியாகவே நுழைகின்றனர். புத்தளம் பக்கத்து இலவன்குளம் வாயிலை நாடுவோர் குறைவு. 2024இல் இலங்கைக்கு இருபது இலட்சத்திற்கும் அதிகமான வெளிநாட்டுப் பயணிகள் வந்தனர். கற்பிட்டிக்கு டொல்பின் பார்க்க வருவோரை வில்பத்துவுக்கு அழைத்துச் செல்லும் வழிகாட்டியாகவும் ஜீப் சாரதியாகவும் விடுதி உரிமையாளராகவும் புத்தளத்து இளைஞர்கள் உருவாக வேண்டும். தமிழில் விளக்கக்கூடிய வழிகாட்டிகளைப் பயிற்றுவிப்பது திணைக்களத்தின் கடமை. அதேவேளை, யாலவின் அனுபவத்தை மறவாது, ஒரு நாளில் நுழையும் வாகனங்களுக்கு இப்போதே உச்ச வரம்பு விதிக்க வேண்டும். அமைதியே இப்பூங்காவின் மூலதனம். அதை விற்றுத் தீர்த்துவிட்டால் பின்னர் விற்பதற்கு எதுவும் இராது.

நாமும் பார்வையாளராக அங்கே செல்லத் தொடங்க வேண்டும். நவம்பர் முதல் ஜனவரி வரையிலான மழையில் வில்லுகள் நிரம்புகின்றன. மே முதல் செப்டெம்பர் வரையிலான வறட்சியில் நீர் வற்றும்போது, எஞ்சிய நீரைத் தேடி விலங்குகள் கூடுவதால் அவற்றைக் காணும் வாய்ப்பு அதிகம். நீண்ட வார இறுதிகளைத் தவிர்த்து, வார நாளொன்றைத் தெரிவு செய்வது நன்று. காலை 6 மணிக்கு வாயில் திறக்கும் வேளையில் அங்கு நிற்க வேண்டும். முழுநாள் பயணமாயின், வாகனத்தை விட்டு இறங்க அனுமதிக்கப்பட்ட இடத்தையும் நேரத்தையும் முன்கூட்டியே கேட்டறிந்தால், பகல் உணவுக்கும் லுஹர் தொழுகைக்கும் வசதியாக இருக்கும். சாரதியிடம் 'சிறுத்தையைக் காட்டினால் மேலதிகப் பணம்' என்று பேரம் பேசக் கூடாது. வேகத்திற்கும் நெரிசலுக்கும் அந்தப் பேரமே காரணமாகிறது. கொண்டு செல்லும் பொலித்தீனை ஒன்றும் விடாது திருப்பிக் கொண்டு வர வேண்டும். பிள்ளைகளுக்குச் சிறுத்தை தென்படாவிட்டாலும், ஒரு வில்லின் கரையில் இயந்திரத்தை நிறுத்திவிட்டு அரை மணி நேரம் அமர்ந்திருப்பதே பெரும் பாடமாக அமையும்.

மதீனாவைச் சூழ்ந்த நிலத்தில் மரம் வெட்டுவதையும் வேட்டையாடுவதையும் நபிகளார் தடை செய்தார்கள். கோயில் காடுகளில் ஒரு கிளையும் ஒடிக்காத மரபு தமிழரிடமும் உண்டு. காட்டைக் காப்பது நமக்கு எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டிய பாடமல்ல. காணி உரிமையைக் கோரும் சமூகமே காட்டின் காவலனாகவும் முன்வருமாயின், அதன் கோரிக்கையை இலகுவில் ஒதுக்கிவிட எவராலும் முடியாது. அதற்கு ஈடாக, நேர்மையாக அளக்கப்பட்ட ஓர் எல்லையை மக்களுக்கு வழங்கும் கடப்பாடு அரசுக்கு உண்டு. இதனை இனியும் தாமதிப்பது மக்களுக்கும் வனத்திற்கும் ஒருங்கே இழைக்கும் அநீதியாகவே அமையும்.